கட்டிய கை

அந்த வீட்டில் வண்டிக்குத்தான் முதல் மரியாதை. மழை தூறினால் கொடியில் காயும் துணியை எடுக்க யாரும் ஓட மாட்டார்கள். வண்டிக்குத் தார்ப்பாய் போடத்தான் ஓடுவார்கள். அண்ணன் ஒரு முனையைப் பிடிப்பார், தம்பி இன்னொரு முனையைப் பிடிப்பான். அவர்கள் மனைவிமார் இருவரும் வாசலில் நின்றபடி, நனைகிற துணியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட குடும்பம். அடுப்பு இரண்டு, குழாய் ஒன்று, லாரி ஒன்று. சின்ன லாரிதான். அண்ணன் ஓட்டுவார், தம்பி பாரம் கட்டுவான். அண்ணனை எங்கள் தெருவில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், அவரைவிட மூத்தவர்கள் உட்பட. தம்பிக்குப் பெயர் முடிச்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் அவன் மனைவிக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். வீட்டுக் குப்பைப் பையைக்கூட அவன் கட்டினால் யாராலும் அவிழ்க்க முடியாது. குப்பை வண்டிக்காரர் அவன் வாசலில் நின்று, "இதுக்குள்ள என்னய்யா புதையலா வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அவன் பாரம் கட்டுவதைப் பார்க்கவே சிலர் கிடங்கு வாசலில் நிற்பதுண்டு. முதலில் பாரத்தைச் சுற்றி ஒரு நடை. எந்தப் பக்கம் கனம், எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். பிறகு கயிற்றைக் குறுக்கே வீசி, கொக்கியில் மாட்டி, பக்கப் பலகையில் காலை ஊன்றி மல்லாக்கச் சாய்ந்து இழுப்பான். முடிச்சைப் போட்டதும் கயிற்றை விரலால் ஒரு சுண்டு. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்தால்தான் தலையாட்டுவான். பிடிக்காவிட்டால் முழுவதையும் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து. அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கியே போய்விடுவார்.

வம்பு தளத்தில் ஆரம்பித்தது. லாரியின் பின்பகுதியில் பாரம் ஏற்றும் தளமாக இருந்த மரப்பலகைகள் ஈரத்தில் ஊறி உளுத்துவிட்டன. அண்ணன் பலகைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரும்புத் தகடு அடித்தார். அதன்மேல் நீலப் பெயின்ட். காய்ந்த பிறகு குனிந்தால் முகம் தெரிந்தது. அவர் வாழ்க்கையில் புதிதாக வாங்கியது என்று சொல்லிக்கொள்ள அதுதான் இருந்தது. வண்டியே இன்னொருவர் ஓட்டிக் கழித்தது.

முடிச்சு அதில் வெறுங்காலோடு ஏறி நின்று காலைத் தேய்த்துப் பார்த்தான்.

"அண்ணே, இது அழகா இருக்கு. ஆனா பிடிக்காது."

"எது பிடிக்காது?"

"தகடுதான். மரம்னா பாரத்தோட காலைக் கவ்விக்கும். சுத்தி முட்டுக்கட்டை வெச்சு ஆணி அடிக்கலாம். இதுல எங்க அடிக்கிறது? மேல எத்தனை கயிறு போட்டாலும், அடியில பிடிப்பு இல்லன்னா பாரம் நகரும்."

"இதுல ஆணி அடிக்கிறேன்னு வந்தா உன் தலையில அடிப்பேன்."

"அப்ப ரப்பராவது போடு."

கல்லுடைக்கும் ஆலையில் கழித்துப்போட்ட பெல்ட் ரப்பர் கிடைத்தது. விரல் தடிமன், சொரசொரப்பு. அதைத் துண்டாக வெட்டித் தளத்தில் விரித்தார்கள். அண்ணன் தம்பி சண்டை அதோடு முடிந்தது. ஆனால் ரப்பர், தன் பங்குக்கு, புதுப் பெயின்டில் கரியை ஒட்டவைத்தது. அண்ணன் ஒவ்வொரு நாளும் ரப்பரைத் தூக்கி அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியோடு உட்கார்ந்து துடைப்பார்.

"கட்டின பொண்டாட்டி மூஞ்சியில கரி இருந்தா கண்ணுக்குத் தெரியாது. தகட்டுல பட்டா மட்டும் பளிச்சுன்னு தெரியும்" என்பாள் அண்ணி. அண்ணனின் மனைவி; முடிச்சு கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் எங்களுக்கு அண்ணிதான்.

அந்தச் சமயத்தில் அண்ணிக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பீரோ வந்தது. அதைச் சுற்றி வந்த கனமான பிளாஸ்டிக் தாளை அவள் மடித்துப் பரணில் வைத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான், எதையும் எறிய மனம் வராது. ஒரு மாலை அண்ணன் அதைக் கேட்டு வாங்கிப்போய்த் தகட்டின்மேல் விரித்து, அதன்மேல் ரப்பரைப் போட்டார். பிளாஸ்டிக்கின் ஓரம் வெளியே தெரியாதபடி உள்பக்கம் மடித்துச் செருகினார். பாரத்திலிருந்து தகட்டைக் காப்பாற்ற ரப்பர், ரப்பரிடமிருந்து தகட்டைக் காப்பாற்ற பிளாஸ்டிக். ஓர் ஆள் ஒரு பொருள்மீது ஆசை வைத்தால் புத்தி இப்படித்தான் போகும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் உறை கழற்றாத நாற்காலி இருக்கிறது.

மறுநாள் ஒரு பட்டறையிலிருந்து இரும்பு கடையும் லேத் மிஷின் ஏற்ற வேண்டியிருந்தது. விடிந்ததிலிருந்தே சாரல். முடிச்சு வண்டியில் ஏறி, வழக்கம்போலக் காலால் தட்டிப் பார்த்தான்.

"ரப்பர் போட்டாச்சா அண்ணே?"

"போட்டாச்சு போட்டாச்சு. கட்டு."

மிஷினைச் சங்கிலியில் தூக்கி இறக்கினார்கள். அதன் இரும்புக் கால்கள் ரப்பரில் அழுந்தி உட்கார்ந்தன. முடிச்சு கட்டினான், சுண்டினான், தலையாட்டினான். பாரத்தோடு ஓர் ஆள் பின்னால் உட்கார்ந்து போவது அந்தத் தொழிலில் வழக்கம். அது சரியா தப்பா என்று யாரும் கேட்டதில்லை. சாரல் அடிக்காத இடமாக, முடிச்சு டிரைவர் அறையின் பின்சுவரில் சாய்ந்து மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

தண்ணீர்த் தொட்டி அருகே இறக்கத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். மிஷின் ரப்பரோடு சேர்ந்து, ஈரம் இறங்கிய பிளாஸ்டிக்கின்மேல் அப்படியே முன்னால் வந்து முடிச்சின் இடுப்பைச் சுவரோடு அழுத்தியது.

ஓடிவந்தவர்கள் கண்ணில் பட்டது தொங்கிக்கொண்டிருந்த கயிறுதான். பாரம் இடம் மாறினால் கயிறு தொய்யத்தானே செய்யும். ஆனால் பார்த்தவர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். கயிறு தளர்ந்தது, அதனால் மிஷின் நகர்ந்தது என்று. ரப்பர் மிஷினின் காலோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்ததால், அடியில் பிடிப்பு இருந்தது என்றும் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே தெரு முழுக்கத் தீர்ப்பு ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பிளாஸ்டிக்கை அண்ணன்தான் பார்த்தார். மிஷினை இறக்கிய பிறகு கசங்கிக் கிடந்ததைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் திணித்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி அதைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டாள்.

முடிச்சு பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஒரு கால் மரத்துப் போயிருந்தது, இன்னொன்று கம்பை நம்பி இழுபட்டது. பார்க்கப் போனவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னோம்: ஆனைக்கும் அடி சறுக்கும். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னோம். அவன் அதைக் கேட்கும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். அவன் மனைவி, சின்னவள் என்போம், எங்களுக்கு டீ கொடுத்து மரியாதையாக அனுப்பிவைப்பாள். முடிச்சு என்று அவனை யாரும் இப்போது கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் வாயில் வந்து, திரும்பிப் போய்விடும்.

அண்ணன் தினமும் அவன் அறைக்கு வருவார். அவனைத் தூக்கி உட்காரவைப்பார், முதுகு துடைத்துவிடுவார், அவன் மறுத்தாலும் சோற்றைப் பிசைந்து ஊட்டுவார். "கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும்" என்று நாங்கள் மெச்சினோம். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தோம்.

கட்டிலின் காலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. முடிச்சு அதைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே பொழுதைப் போக்கினான்.

"இதைத்தான் அண்ணே அன்னிக்குப் போட்டேன்" என்பான். "நூறு தடவை போட்டுப் பாத்துட்டேன். இழுக்க இழுக்க இறுகுது. அப்ப அன்னிக்கு மட்டும் எப்படித் தளர்ந்துச்சு? கொக்கியில சரியா மாட்டலையா? மழையில கயிறு நீண்டுருச்சா? நீ பாத்தியே, எந்தப் பக்கம் முதல்ல தொங்குச்சு?"

"விடுடா. நடந்தது நடந்துபோச்சு. சாப்பிடு."

"எங்க தப்பு விட்டேன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும். அது தெரிய மாட்டேங்குது."

அண்ணன் அடுத்த கவளத்தை நீட்டுவார்.

அப்போதுதான் கிடங்கு மேஸ்திரி வந்தார். குரல் பெரிது, மனசும் கெட்டதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கிடங்கு வாசல்ல ஆள் வேணும். வெளிய போற வண்டியில பாரம் ஒழுங்கா கட்டியிருக்கா, தார்ப்பாய் சரியா மூடியிருக்கான்னு பாத்து அனுப்பணும். நாற்காலி போட்டு உக்காந்துக்கலாம். எழுந்து ரெண்டு எட்டு வெச்சா போதும். உன்னைவிட்டா இதுக்கு வேற ஆள் தெரியல."

"என்னையா?"

"உன்னையேதான்."

முடிச்சு தன் கைகளைப் பார்த்தான். "மேஸ்திரி, நான் கட்டின கட்டு என்னையே நசுக்கிருச்சு. நான் பாத்துச் சரின்னு சொல்லி அனுப்புற வண்டியில எவனாவது உக்காந்து போவான். அவனும் இப்படி வந்து கட்டில்ல கிடக்கவா?"

"ஒரு தடவை தவறிட்டா..."

"எங்க தவறுச்சுன்னே எனக்குத் தெரியலையே. தெரிஞ்சாத்தானே இன்னொருத்தனுக்குச் சொல்ல முடியும்."

மேஸ்திரி எழுந்தார். "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள சொல்லு. இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு குழாயடியில் சின்னவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு அழுதாள். அண்ணி பக்கத்தில் நின்றாள்.

"வேலை போனா போகட்டும் அக்கா. நான் துணி தேய்ச்சு ரெண்டு பேர் வயித்தைக் கழுவிருவேன். ஆனா அவர் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. சட்டைப் பட்டனைக்கூட நான்தான் போட்டுவிடுறேன். டம்ளரைப் பிடிக்கச் சொன்னா, நழுவிரும்னு பயப்படுறாரு. டாக்டர் கையில ஒண்ணும் இல்லைங்கிறாரு. கால் போன துக்கத்தை நான் எப்பவோ அழுது முடிச்சிட்டேன். இது என்னன்னே புரியல."

அண்ணி குழாயை மூடினாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுத் சுவருக்கு இந்தப் பக்கம், தன் வீட்டுக்குள் போனாள். அண்ணன் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டி ஊறி டம்ளருக்குள் விழுந்ததைக் கூட அவர் பார்க்கவில்லை.

"சொல்லிரலாம்" என்றார் அவராகவே.

அத்தனை மாதங்களாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எதைச் சொல்கிறார் என்று அண்ணி கேட்கவில்லை.

"சொன்னா இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நமக்கு இடமில்லை. சின்னவ என் முகத்துல முழிக்க மாட்டா. பிளாஸ்டிக்கை எடுத்துக் குடுத்தது நான்தானே."

"கேட்டது நான்."

"வெட்டி எறிஞ்சதும் நான்தான். அதுக்கு என்ன சொல்றது?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப சொன்னா மட்டும் அவன் கால் வந்துருமா?"

"கால் வராது" என்றார் அண்ணன். "கை வரும்."

அவள் டம்ளரை எடுத்துக் கவிழ்த்து, ஊறிப்போன ரொட்டியைக் கொட்டினாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. வண்டிக்குத் தார்ப்பாய் போட்டிருக்கவில்லை. அண்ணன் அதைப் பார்க்காமலே கடந்து போனார்.

முடிச்சு கட்டிலில் சாய்ந்திருந்தான். சின்னவள் மூலையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஸ்டூலில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே சின்னவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அன்னிக்கு ரப்பருக்கு அடியில பிளாஸ்டிக் விரிச்சிருந்தேன்."

முடிச்சுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த பிளாஸ்டிக்?"

"பீரோவுக்குச் சுத்தி வந்தது. பெயின்ட் கறுக்குதேன்னு தகட்டுமேல போட்டேன். அதுமேலதான் ரப்பர். காலைச் சாரல்ல உள்ள ஈரம் இறங்கியிருக்கு. மிஷின் ரப்பரோட சேந்து சறுக்கி வந்துச்சு. கயிறு அப்புறம்தான் தொய்ஞ்சுச்சு."

"முழுசாவா போட்டிருந்த?"

"முழுசா."

"ஓரம் தெரியலையே. நான் காலால தட்டிப் பாத்தேனே."

"உள்ள மடிச்சுவிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"நீ பாத்தா எடுக்கச் சொல்லுவ."

"அப்ப வழுக்கும்னு தெரியும்."

"சத்தியமா தெரியாதுடா. நீ திட்டுவேன்னு மட்டும் தெரியும்."

முடிச்சு மேலே பார்த்தபடி கிடந்தான். அவன் உதடுகள் அசைந்தன. அன்றைய பாரத்தை அவன் மறுபடி மனதுக்குள் ஏற்றி, கட்டி, இறக்கத்தில் இறங்கி, பிரேக் போட்டுப் பார்க்கிறான் என்று தெரிந்தது. முடிவுக்கு வந்தபோது அவன் முகம் தெளிந்தது. எத்தனையோ மாதங்களாகப் பார்க்காத முகம். சின்னவளுக்கு அதைப் பார்த்துத்தான் முதலில் அழுகை வந்தது.

"அப்ப கட்டு?" என்றான்.

"கட்டு சரியாத்தான் இருந்துச்சு."

"இன்னொரு தடவை சொல்லு."

"உன் கட்டு சரியாத்தான் இருந்துச்சுடா. ஒரு குறை இல்ல."

முடிச்சு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அவன் இப்படி அழுததில்லை. அண்ணன் கையை நீட்டி அவன் முழங்காலைத் தொட்டார். அந்தக் காலுக்கு உணர்ச்சி இல்லை. ஆனாலும் முடிச்சு கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அண்ணன் கையை எடுத்துக்கொண்டார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மிஷினை இறக்கினப்பவே."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

"தினமும் இங்க வந்து உக்காந்து சோறு ஊட்டினியே. நான் கயித்தை வெச்சுக்கிட்டு எங்க தப்பு, எங்க தப்புன்னு உன்னைத்தானே கேட்டேன். உன் வாயில ஒரு வார்த்தை வரலையா?"

அண்ணன் கட்டில் காலில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

"கால் போனதுக்கு உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். தெரியாம நடந்தது. எனக்கும் தகடு அழகாத்தான் தெரிஞ்சுச்சு. ஆனா இத்தனை மாசமா நான் தூங்கல. என் கையை நானே வெட்டிப் போட்டுரலாமான்னு இருந்தேன். இவளைக் கேளு. அது தெரியாம நடக்கல."

சின்னவள் தலையைத் தூக்கவில்லை. மழை ஓட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"மேஸ்திரிகிட்ட வரேன்னு சொல்லிரு" என்றான் முடிச்சு. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "நீ போ அண்ணே."

மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அண்ணனே டீக்கடையில் நின்று சொன்னார், ஒருவரிடம் அல்ல, இருந்த எல்லோரிடமும். நாங்கள் டம்ளரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டோம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அவருக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

முடிச்சு வேலைக்குப் போனான். முதல் வாரம் சின்னவள் கூடப் போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். பிறகு கம்பை ஊன்றி அவனே போனான். சட்டைப் பட்டனை அவனே போட்டுக்கொண்டான். கிடங்கு வாசலில் அவனிடம் எந்தச் சலுகையும் கிடைக்காது. கயிற்றைச் சுண்டுவான். சத்தம் பிடிக்காவிட்டால், "அவுத்துக் கட்டுங்க டிரைவர்" என்பான். முணுமுணுப்பார்கள், ஆனால் கட்டுவார்கள். கட்டத் தெரியாதவனுக்கு அவனே கட்டிக் காட்டுவான். அந்த நேரத்தில் அவன் கை நடுங்காது. முடிச்சு என்கிற பெயரும் ஒவ்வொரு வாயாகத் திரும்பி வந்தது. வீட்டில் மட்டும் நடுச்சுவர் உயர்ந்துவிட்டது. செங்கல் ஒன்றும் வைக்கவில்லை. அண்ணி தண்ணீர் பிடித்துப் போன பிறகுதான் சின்னவள் குடத்தோடு வருவாள்.

அண்ணன் வேறு ஆளைக் கட்டுக்கு வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். கூடிய மட்டும் அந்தக் கிடங்குப் பக்கம் போகாமலே இருந்தார். ஒரு நாள் போக வேண்டி வந்தது. இரும்புக் கதவுகள் பாரம். ஏற்றி, கட்டி, வாசலில் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போயின.

முடிச்சு கம்பை ஊன்றி எழுந்து வந்தான். அண்ணன் இறங்கி வந்து பின்கதவு அருகே நின்றார். என்ன சொல்லலாம் என்று காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தார்.

முடிச்சு கயிறுகளைச் சுண்டினான். கொக்கிகளைத் தொட்டுப் பார்த்தான். மற்ற வண்டிகளுக்கு அதோடு முடிந்துவிடும். இங்கே பின்கதவில் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ரப்பரின் விளிம்பைத் தூக்கி அடியில் கையைவிட்டான். முழங்கை வரை விட்டுத் துழாவினான். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், நடுவில். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தகடு வெறுந்தகடாகத்தான் இருந்தது. பெயின்ட் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது.

கையை எடுத்து, விரலில் ஒட்டிய கரியைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டான். அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கு" என்றான் முடிச்சு. "எடுங்க டிரைவர்."

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். அண்ணன் வண்டியை எடுத்தார்.